சிறிய படுக்கையறையைக் குறைந்த செலவில் அழகாக அமைத்தல்: மட்டக்களப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 ஜனவரியில் ஆசிரிய இடமாற்றம் பெற்று மட்டக்களப்புக்கு வந்தேன். கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது. பத்தடி நீளம், ஒன்பதடி அகலம், ஒரு கதவு, மேற்குப் பார்த்த ஒரு யன்னல், அவ்வளவுதான் அறை. அதைக் குடியிருக்கத் தக்கதாகவும் கண்ணுக்கு இதமாகவும் ஆக்குவதற்கு எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. சரியான வரிசை தெரிந்திருந்தால் மூன்று வார இறுதிகளில் அந்த வேலை முடிந்திருக்கும். பெரிய கட்டிலை வாங்கித் திருப்பிக் கொடுத்ததில் மட்டும் எட்டாயிரம் ரூபா போனது. புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வருகின்ற ஒருவருக்கு அந்தப் பணமும் அந்த மாதங்களும் மிஞ்சவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கீழே சொல்லும் விலைகள் யாவும் 2024 இல் நான் என் கையால் கொடுத்தவை. நீங்கள் வாங்கும் நாளில் அவை மாறியிருக்கும். ஆனால் எந்தப் பொருளுக்குப் பணத்தில் எவ்வளவு பங்கு ஒதுக்குவது என்ற கணக்கு பெரிதாக மாறாது.

1. முதலில் அளவு, பிறகுதான் கடை

ஓர் அளவு நாடா வாங்கி, அறையின் நீள அகலத்தோடு கதவின் அகலம், கதவு உள்ளே திறக்கும்போது மறைக்கும் தரை, யன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, பிளக் பொயின்ட் எங்கே இருக்கிறது ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் அங்குலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒழுங்கையிலிருந்து அறை வரை பொருள் வரவேண்டிய வழியையும் அளப்பது அவசியம். பல வீடுகளில் பின்பக்கத்து அறைக்குப் போகும் நடை இரண்டரை அடிக்கு மேல் இராது. அந்த நடையில் ஒரு திருப்பமும் இருந்தால், கழற்றிப் பூட்ட முடியாத அலுமாரி உள்ளே வரவே வராது.

கட்டிலின் அளவை முடிவு செய்யும் கணக்கைச் சொல்கிறேன். என் அறையின் அகலம் 108 அங்குலம். ஆறுக்கு ஐந்து கட்டில் 60 அங்குலத்தை எடுக்கும். எதிர்ச் சுவரோரம் நிற்கும் அலுமாரி 20 அங்குலம் எடுக்கும். மிச்சம் 28 அங்குலம். அலுமாரிக் கதவு ஒன்றைத் திறந்தால் அது 18 அங்குலம் வெளியே வரும். ஆள் நிற்பதற்கு எஞ்சுவது பத்து அங்குலம். இந்தக் கணக்கை நான் கட்டில் வந்திறங்கிய பிறகுதான் போட்டேன். ஆறுக்கு நாலு கட்டிலானால் 40 அங்குலமும், ஆறுக்கு மூன்றானால் 52 அங்குலமும் மிஞ்சும். ஒருவர் படுப்பதற்கு ஆறுக்கு மூன்று போதும். புரண்டு படுக்கும் பழக்கம் உள்ளவருக்கும், ஊரிலிருந்து தாயோ தங்கையோ வந்து இரண்டு நாள் தங்கக்கூடியவருக்கும் ஆறுக்கு நாலு நல்லது.

எழுதிய அளவுகளின்படி பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிக் கட்டில், அலுமாரி, மேசை ஆகியவற்றைத் தரையில் விரித்து, ஒரு நாள் முழுக்க அவற்றைச் சுற்றி நடமாடிப் பாருங்கள். இரவில் எழுந்து கதவுக்குப் போகும் பாதை இரண்டடியாவது இருக்கவேண்டும். சின்ன அறை அழகாகத் தெரிவதும் நெருக்கடியாகத் தெரிவதும் தரை எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. விலை உயர்ந்த பொருள் எதுவும் அந்த வெறுமையைத் தராது. இனி நான் சொல்லப்போகும் முடிவுகள் பெரும்பாலும் தரையை விட்டுவைப்பதற்காகவே எடுக்கப்பட்டவை.

2. வீட்டுக்காரரோடு பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை

வாடகை அறையில் ஆணி அடிப்பது, நிறம் பூசுவது, மின்விசிறி மாட்டுவது ஆகியவற்றுக்கு வாய்ச்சொல் அனுமதி போதாது. எங்கள் வீட்டுக்கார அக்கா மிக நல்லவர். ஆனாலும் இந்த மூன்றையும் வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். நான் போகும்போது எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்லவேண்டும், பூச்சுச் செலவில் யாருக்கு எவ்வளவு, மின்கட்டணம் தனி மானியிலா அல்லது வீட்டுக் கட்டணத்தில் பங்கா என்பவையும் அதில் உண்டு. சாவி வாங்கும் நாளிலேயே சுவர், தரை, கூரை மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த வெடிப்புக்கும் ஒழுக்குக்கும் உங்கள் முற்பணத்தில் கழிவு வராமல் இருக்க அந்தப் படங்கள் உதவும்.

3. பொருள் வருமுன் சுவரை முடித்தல்

கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி போன்ற கரையோர இடங்களில் சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூப்பது சாதாரணம். வெள்ளைத் தூளாகக் கையில் ஒட்டும். சில இடங்களில் பூச்சு செதிளாகக் கழன்று நிற்கும். இதன்மேல் நேரடியாக நிறம் பூசினால், எவ்வளவு நல்ல பெயின்ற் ஆனாலும், அடுத்த மாரியில் உரிந்துவிடும். செதிளைச் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் தூளைத் தட்டி, சில நாள் யன்னலைத் திறந்து வைத்துக் காயவிட்டு, அடிப்பூச்சு ஒரு தடவை பூசிய பிறகே நிறத்துக்குப் போகவேண்டும். உலர்ந்த காலத்தில், அதாவது பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரைக்குள், இதைச் செய்துவிடுங்கள். வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் சுவர் காயாது.

நிறத்தைப் பொறுத்தவரை, மேற்கு வெயில் வாங்கும் அறைக்கு அடர் நிறம் வேண்டாம். நான் நான்கு சுவருக்கும் தயிர் வெள்ளை பூசினேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மட்டும் இடுப்பளவு உயரத்துக்கு மங்கலான பச்சை. பொருள்களுக்கு 7,200 ரூபா முடிந்தது. கூலி கொடுக்கவில்லை, ஒரு சனியும் ஞாயிறும் நானே பூசினேன். இடுப்பளவில் நிறம் மாறுவதற்கு அழகு மட்டும் காரணமல்ல: தலையும் தோளும் உரசி அழுக்குப் பிடிப்பது அந்தப் பகுதியில்தான்.

4. பணத்தைப் பங்கிடும் வரிசை

இதற்கு நான் ஒதுக்கியது 110,000 ரூபா. அதில் பாதிக்குமேல் கட்டிலுக்கும் மெத்தைக்கும் போனது. அது சரியான செலவே. முதுகு படும் பொருளுக்கும் காற்றுக்கும் பணத்தைக் குறைக்காதீர்கள். அலுமாரியைப் பழையதாக வாங்கலாம். மேசையை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம். அலங்காரப் பொருள் என்று தனியாக எதையும் வாங்கவேண்டியதில்லை. துணியும் வெளிச்சமும் அந்த வேலையைச் செய்துவிடும்.

5. கட்டில்: மரத்தைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுதல்

எனக்கு அதிகம் இழப்பு வந்தது இங்கே என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடையில் பளபளப்பாக நிற்கும் கட்டில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். கடும் நிறத்தில் வார்னிஷ் பூசிவிட்டால் தேக்கும் மகோகனியும் ரப்பர் மரமும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். ஆகவே வார்னிஷ் படாத இடத்தைப் பாருங்கள். கட்டிலின் அடிப்பலகை, சட்டத்தின் உட்பக்கம், காலின் அடிமுனை ஆகியவற்றில் உண்மையான மரம் தெரியும்.

மரத்தின் நடுப்பகுதியை வைரம் என்றும் பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதியை வெளிறு என்றும் ஆசாரிமார் சொல்வார்கள். வைரத்தைக் கறையானும் உளுவும் எளிதில் தொடாது, வெளிறைத் தின்றுவிடும். சட்டத்தின் உட்பக்கத்தில் கபில நிறத்தோடு மஞ்சளான ஒரு பட்டை ஓடினால் அது வெளிறு. விரல் நகத்தை அந்த மஞ்சளில் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் அந்தக் கட்டிலை விட்டுவிடுங்கள். ஊசித்துளை போன்ற ஓட்டைகளும், அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால் உளு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

அடுத்ததாக மரம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நான் இரண்டாவது கட்டிலை ஆரையம்பதிப் பக்கத்தில் ஒரு சிறிய தச்சுப் பட்டறையில் செய்வித்தேன். முதல் நாளே கண்ணில் பட்ட ஒரு பலகையைக் காட்டி, இதிலேயே செய்துதாருங்கள் என்று கேட்டேன். அங்கிருந்த வயதான ஆசாரி அந்தப் பலகையையும் சுவரோரம் நிமிர்த்தியிருந்த இன்னொன்றையும் என் இரண்டு கைகளிலும் கொடுத்து, "மகள், பாரம் தெரியுதா? இது இன்னும் காயல்ல. இப்பச் செஞ்சா கச்சான் காத்துக்குப் பொருத்தெல்லாம் விட்டிரும்" என்றார். ஒரே நீளம், ஒரே தடிப்பு, ஒரே மரம். பாரத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு. ஈரமான பலகை கையில் குளிர்ச்சியாகவும் இருந்தது. காயாத மரத்தில் செய்த கட்டில் மாரியில் இறுக்கமாக நிற்கும்; வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசத் தொடங்கியதும் பலகை சுருங்கி, திருகாணிகள் தளர்ந்து, இரவில் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் முனகும்.

பொருத்தைச் சோதிப்பது எளிது. கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்து நாலு விரற்கடை உயர்த்துங்கள். அடுத்த காலும் சேர்ந்து எழும்பினால் சட்டம் உறுதியானது. தூக்கிய மூலை மட்டும் தனியாக எழுந்து, மற்றக் கால் தரையிலேயே நின்று சட்டம் முறுக்கினால் பொருத்து பலவீனமானது. ஆணியால் மட்டும் அறைந்த கட்டிலை வாங்கவேண்டாம். நட்டும் போல்ட்டும் போட்டுக் கழற்றிப் பூட்டக்கூடியதே வாடகை வீட்டுக்காரருக்கு ஏற்றது. இடமாற்றம் மறுபடியும் வரும்.

கட்டிலின் உயரத்தைத் தரையிலிருந்து சட்டத்தின் கீழ் விளிம்பு வரை பதினான்கு அங்குலமாக வைக்கச் சொல்லுங்கள். பயணப் பெட்டியும் புத்தகப் பெட்டியும் கீழே போகும், விளக்குமாறும் போகும். கட்டிலின் கீழே இழுப்பறை செய்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். இழுப்பறை தரையோடு ஒட்டிக் காற்றோட்டத்தை மறிப்பதால் இந்தக் கரையோரத்தில் அது பூஞ்சணத்துக்கு இடமாகிவிடும். தலைமாட்டுப் பலகையில் செதுக்கல் வேலை வேண்டாம் என்றால் செலவும் குறையும், அறையும் இலேசாகத் தெரியும். செதுக்கல் இல்லாத ஆறுக்கு நாலு கட்டிலுக்கு நான் கொடுத்தது 32,000 ரூபா. முற்பணம் மூன்றில் ஒரு பங்கு; மிச்சம் கட்டிலை என் அறையில் பூட்டிய பிறகு. செய்து முடிக்கச் சொன்ன காலம் மூன்று வாரம், ஆனது ஐந்து வாரம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னுள்ள ஒன்றரை மாதத்தில் பட்டறைகளில் வேலை குவிந்துவிடுவதால், அந்தக் காலத்தில் கொடுக்கும் வேலைக்கு இரு மடங்கு நாளை ஒதுக்குங்கள்.

சொந்த ஊரில் உங்கள் வளவில் நிற்கும் மரத்தை அரிந்து பலகையாகக் கொண்டுவந்தால் மலிவாக முடியும் என்று வீட்டில் சொல்லக்கூடும். என் தந்தையும் சொன்னார். மரத்தைக் குற்றியாகவோ பலகையாகவோ வீதியில் கொண்டுவருவதற்கு, பல மர இனங்களுக்குப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். மரம் உங்கள் காணியில்தான் நின்றது என்பதற்குக் காணி உறுதியின் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். பிறகு பிரதேச செயலகம், வன இலாகா என்று அலையவேண்டும். பலா மரத்தைத் தறிப்பதற்கே, 1951 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, தனி அனுமதி வேண்டும். ஒரு கட்டிலுக்காக இந்த அலைச்சல் தேவையில்லை. அனுமதியில்லாமல் ஏற்றிவந்தால் சோதனைச் சாவடியில் மரத்தோடு வாகனமும் பிடிபடும். வாகனக்காரரின் பிழைப்பையும் கெடுத்தவர்களாவோம்.

6. மெத்தை

கட்டில் வந்து பூட்டிய பிறகு, அதன் உள்ளளவை அளந்துதான் மெத்தை வாங்கவேண்டும். பட்டறைக் கட்டில் அரை அங்குலம் கூடும், குறையும். முழு ஸ்பொஞ்ச் மெத்தை மலிவு. ஆனால் இந்த ஊர்ச் சூட்டில் முதுகு வேர்க்கும், நடுவில் குழியும் விழும். தும்பு அடுக்கும் ஸ்பொஞ்ச் அடுக்கும் சேர்ந்த இரட்டை மெத்தையையே நான் தெரிவுசெய்தேன். ஒரு பக்கம் கடினம், மறுபக்கம் மென்மை. மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடவேண்டும். விலை 24,500 ரூபா.

கடையில் மெத்தையின்மேல் உட்கார்ந்து பார்ப்பது போதாது; ஐந்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் வாங்கிய திகதியும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். அழுக்காகாது என்று அந்த உறையோடே படுப்பவர்கள் உண்டு. உள்ளே ஈரம் அடைபட்டு ஆறு மாதத்தில் கறுப்புப் புள்ளிகள் விழுந்த ஒரு மெத்தையைப் பக்கத்து அறையில் பார்த்தேன். கட்டிலின் பலகைகளுக்கு இடையில் இரண்டங்குல இடைவெளி விடச்சொல்வதும் இதற்காகத்தான்.

7. அலுமாரி

புதிய மெலமைன் அலுமாரிகள் பார்வைக்கு அழகானவை. ஆனால் அவற்றின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். தரை கழுவும் தண்ணீர் அடிப்பலகையில் இரண்டு மாரிக்குப் பட்டால் ஊதிப் பொருமிவிடும். இரும்பு அலுமாரிக்குக் கடற்காற்று எதிரி. கடலிலிருந்து தள்ளி, செங்கலடி, வந்தாறுமூலைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். கல்லடியில் எனக்கு அதை யாரும் பரிந்துரைக்கவில்லை.

ஆகவே பழைய மர அலுமாரியைத் தேடினேன். இடமாற்றம் பெற்றுப் போகும் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போகும் பொருள்கள் இங்கே அடிக்கடி கிடைக்கும். பாடசாலை விடுமுறைக் காலமும் ஆண்டு முடிவும் அதற்கு நல்ல நேரம். சகபாடிகளிடம் சொல்லி வையுங்கள். எனக்கு இரட்டைக் கதவு அலுமாரி ஒன்று 15,000 ரூபாவுக்குக் கிடைத்தது. பிணைச்சல் மாற்றி, உரசி, மெருகு பூச 2,500 ஆனது. பழையதை வாங்கும்போது பகலில் போய்ப் பாருங்கள். பின்பலகையைத் தட்டிப் பாருங்கள், வெறுஞ்சத்தம் கேட்டால் கறையான் தின்றிருக்கும். இடுக்குகளில் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. பணம் கொடுத்ததற்கு விற்பவரின் பெயரும் கையொப்பமும் உள்ள ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி நிறுத்துங்கள். கால்களுக்குக் கீழே உடைந்த தரையோட்டுத் துண்டுகளை வையுங்கள். கழுவும் தண்ணீரும் கறையானும் நேரே ஏறாது. அலுமாரியின் மேல் பெட்டிகளை அடுக்கவேண்டாம். கூரை வரை நிரம்பிய சுவர் அறையைக் குறுக்கிக் காட்டும்.

8. தவணைக்கு வாங்குவதானால்

கைக்காசு இல்லாமல் தவணைக்கு வாங்கவேண்டி வந்தால், தேசிய அடையாள அட்டை, கடைசி மாதங்களின் சம்பளப் பட்டியல், சேவை உறுதிக் கடிதம், கிராம உத்தியோகத்தர் தந்த வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதியோடு இரண்டு பிணையாளர் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் வதிவிடச் சான்றிதழ். உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் சொந்த ஊரில் இருப்பதால் இங்குள்ள கிராம உத்தியோகத்தர் அதைத் தரத் தயங்குவார். எனக்கு இதனால் இரண்டு வாரம் போனது. ஊரிலிருந்து புறப்படுமுன்பே அங்கே ஒரு சான்றிதழ் எடுத்து வாருங்கள். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், வெளிக்களக் கடமை இருக்கும். நாளைக் கேட்டறிந்து போங்கள்.

கையொப்பமிடுமுன் மொத்தத் தொகையைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, கைக்காசுக்கு 60,000 ரூபா என்று எழுதியிருக்கும் பொருளுக்கு மாதம் 6,250 வீதம் பன்னிரண்டு தவணை என்றால் நீங்கள் கட்டுவது 75,000. அந்தப் பதினைந்தாயிரத்துக்கு ஒரு மின்விசிறியும் நுளம்பு வலையும் வாங்கி மீதியும் வரும். ஆகவே நான் மெத்தையைத் தவணைக்கு வாங்காமல், பன்பாயில் ஒரு மாதம் படுத்து, அடுத்த சம்பளத்தில் கைக்காசுக்கு வாங்கினேன். இந்த ஊர்ச் சூட்டுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பற்றுச்சீட்டு பற்றிய என் இழப்பையும் சொல்லவேண்டும். முதல் கட்டிலை நகரிலுள்ள ஒரு கடையில் வாங்கினேன். தேக்கு என்று வாயால் சொன்னார்கள். பற்றுச்சீட்டில் "கட்டில் 1" என்று மட்டும் இருந்தது. அளவு பொருந்தாமல் திருப்பப் போனபோதுதான் அடிப்பலகையில் வேறு மரம் இருப்பதைக் கண்டேன். மரத்தின் பெயர் எழுத்தில் இல்லாததால் நான் பேச வழியில்லை. எட்டாயிரம் கழித்துத் திருப்பி எடுத்தார்கள். நீங்கள் பற்றுச்சீட்டில் மரத்தின் பெயர், அளவு, திகதி, கடையின் முகவரி, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பிணக்கு வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். நான் இதை அறிந்தது நான்காவது மாதத்தில்.

9. காற்று, வெளிச்சம், நுளம்பு வலை

நிலத்தில் நிற்கும் மின்விசிறி தரையைப் பிடிக்கும், அதன் வயர் காலில் தட்டும். கூரையில் மாட்டுவதே நல்லது. விசிறியின் இதழ் தரையிலிருந்து ஏழடிக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் கூரைக்கும் இடம் வேண்டும். அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரையானால் தகட்டைத் துளைக்க விடாதீர்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. கூரையைத் தாங்கும் மரமான வளையிலேயே கொக்கி போடவேண்டும். விசிறிக்கு 9,800, மின்னியலாளர் கூலி 1,000.

வாங்குமுன் வாற்றைப் பாருங்கள். 75 வாற் விசிறி இரவில் பத்து மணித்தியாலம் சுற்றினால் மாதம் இருபத்திரண்டரை அலகு. 30 வாற்றில் ஓடும் புதுவகை விசிறிக்கு ஒன்பது அலகுதான். அதன் விலை கூட. ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் அலகு ஏற ஏற விகிதமும் படிப்படியாக ஏறுவதால், நீண்ட நாள் இருப்பவருக்கு வித்தியாசம் திரும்பி வரும். பழைய வீடுகளில் வட்ட முள் பிளக்குகள் இருக்கும், இப்போது வாங்கும் சாதனங்களில் 13 அம்பியர் சதுர முள் வரும். குச்சியைச் செருகிப் பொருத்தும் வேலை வேண்டாம். பொயின்டை மாற்றச் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்கு நடுக்கூரையில் ஒரு வெள்ளை விளக்கு மட்டும் இருந்தால் அறை வகுப்பறை போலிருக்கும். அதை அப்படியே விட்டு, தலைமாட்டுச் சுவரில் 3000 கெல்வின் என்று பெட்டியில் எழுதியிருக்கும் மஞ்சள் வெளிச்ச எல்ஈடி குமிழ் ஒன்றைப் பொருத்தினேன். அதன் மேல் போட்டது ஒரு பனையோலைப் பெட்டி. அடியில் வட்டமாக வெட்டிக் கவிழ்த்தது. ஓலையின் பின்னல் இடுக்குகளால் சுவரில் சதுரம் சதுரமாக நிழல் விழும். அறைக்கு வருகின்ற எல்லோரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். எல்லாமாக 1,900 ரூபா. ஓலைக்குள் சூடாகும் பழைய இழைக் குமிழைப் போடவே கூடாது, தீப்பிடிக்கும்.

நுளம்பு வலையை அறை அமைத்து முடிந்த பிறகு நினைப்பதால்தான் அது அசிங்கமாகத் தொங்குகிறது. கட்டிலின் நான்கு மூலைக்கு நேரே மேலே சுவரிலும் வளையிலும் கொக்கி போட்டு, நாற்சதுர வலையை இழுத்துக் கட்டுங்கள். பகலில் நான்கு மூலையிலும் சுருட்டிக் கட்டினால் அதுவே ஓர் அலங்காரம். வட்ட வளைய வலை காற்றில் முகத்தில் ஒட்டும். விலை 2,400.

10. துணி

திரைக்கும் விரிப்புக்கும் மருதமுனைக்குப் போங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில், பெரியநீலாவணையைக் கடந்ததும் வரும் ஊர். கல்முனை பஸ் எதிலும் போகலாம். அங்கே நெய்யும் கைத்தறித் துணி காற்றை விடும், தோய்க்கத் தோய்க்க மென்மையாகும். நெசவு நடக்கும் இடத்திலேயே கேட்டால் வெட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். துணியின் ஓரக்கரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; ஊடு நூல் திரும்பும் இடம் ஒழுங்காக, இழை தூங்காமல் இருந்தால் நல்ல நெசவு. ஒரு மூலையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். தைக்குமுன் ஒருமுறை தோய்த்துக் காயவிடுங்கள், பருத்தி சுருங்கும். நான் யன்னல் உயரத்தைவிட ஆறு அங்குலம் கூட வாங்கினேன். திரை இரண்டு, விரிப்பு ஒன்று, தலையணை உறை இரண்டு: 6,300 ரூபா.

அறையில் மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். சுவரின் வெள்ளை, மரத்தின் கபிலம், துணியின் பச்சை என்று நான் நிறுத்திக்கொண்டேன். பூப்போட்ட விரிப்பு, கோடு போட்ட திரை, படம் போட்ட தலையணை மூன்றும் சேர்ந்தால் பத்தடி அறை தாங்காது. திரைக்கம்பியை யன்னலுக்கு மேலே ஓரடி உயர்த்திக் கட்டினால் கூரை உயர்ந்தது போலத் தெரியும். மேற்கு யன்னலுக்கு உள்ளே வெளிர் நிறத்தில் இன்னொரு பழைய துணியையும் சேர்த்துத் தையுங்கள், பின்னேர வெயில் அடங்கும்.

சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, கதவின் பின்னால் ஐந்து கொக்கி, தலைமாட்டில் ஒரு சிறு றாக்கை ஆகியவற்றுக்கு 3,400 ஆனது. கண்ணாடியை யன்னலுக்கு எதிரே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள். எதிரே மாட்டினால் மாலை வெயில் கண்ணில் அடிக்கும்.

11. ஏற்றி இறக்குதல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் பட்டா லொறிக் கூலி ஒருமுறையோடு முடியும். நான் இரண்டு முறை ஏற்றி 3,500 கொடுத்தேன். இறக்கும் கூலி சேர்த்தா, தனியா என்பதை ஏற்றுமுன்பே பேசுங்கள். காத்தான்குடியில் வாங்கி ஏற்றுவதானால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பொருள் வரும் வரிசை இப்படி இருக்கட்டும்: சுவர் காய்ந்த பிறகு மின்வேலை, பிறகு அலுமாரி, அதற்குப் பிறகு கட்டில், மெத்தை கடைசியாக. அலுமாரிக்கு முன் கட்டில் வந்தால் அலுமாரியைத் திருப்ப இடம் இராது.

மேலே சொன்ன எல்லாம் கூட்டினால் 109,500 ரூபா வருகிறது. முதல் கட்டிலில் இழந்த எட்டாயிரம் இதில் இல்லை.

12. மாரிக்கு முன் ஒரு நாள்

ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் ஒரு வெயில் நாளைத் தெரிந்து, மெத்தையை வெளியே நிமிர்த்திக் காயவையுங்கள். கட்டிலின் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள். அலுமாரியைத் தள்ளிப் பின்சுவரில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கறையான், சுரண்டிவிட்டு மருந்தடிக்க வேண்டும். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் வீடா என்று அயலவரிடம் கேளுங்கள். நிற்குமென்றால் கட்டிலின் கீழுள்ள பெட்டிகளைச் செங்கல் வைத்து உயர்த்தி, பற்றுச்சீட்டுகள், உத்தரவாத அட்டைகள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.